ஒரு வருட நீடிப்பு

மூத்த ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் பேசுவதென்றால் அவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். இளம் பொடியன்களை அலுவலகத்துக்குக் கூப்பிடலாம். அந்தக் கண்ணாடிக் கதவும் சுவரில் தொங்கும் கிண்ணப் படங்களும் அவர்களுக்குப் பிடிக்கும். முப்பது தாண்டியவரை அங்கே உட்கார வைத்தால் விறைத்துப்போவார், அடுத்த முறை ஒரு முகவரையும் கூட்டிக்கொண்டு வருவார். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்காமல் மனைவியிடம் கேட்க வேண்டும். பிறகு நாம் வாயைத் திறக்கத் தேவையில்லை. வயதைப் பற்றி அவரே பேசத் தொடங்குவார்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் ஆரூரனைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தக் கதை அவன் வீட்டுச் சமையலறையில்தான் தொடங்குகிறது.

நான் கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்திலுள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளர். நான்காம் பிரிவு. ஆட்டக்காரரை எடுப்பதும் விடுவதும் என் வேலை. ஆரூரன் எங்கள் அணித்தலைவன், பின்களத்தில் ஆடுபவன். தாய் தகப்பன் யாழ்ப்பாணம், அவன் பிறந்தது இங்கே ஜேர்மனியில். முகவர் வைத்துக்கொள் என்று நானே ஒருமுறை ஒப்புக்குச் சொல்லியிருக்கிறேன். “சேயோன் அண்ணை இருக்கேக்க எனக்கேன் முகவர்?” என்று சிரித்தான். நான் நீட்டியதையெல்லாம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கிறது.

அவன் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு பருவத்தில் இருபத்தைந்து ஆட்டங்கள் ஆடினால் ஒப்பந்தம் தானாகவே இன்னொரு வருடம் நீளும். இங்கே மூத்தவர்களுக்கு இப்படி எழுதுவது வழக்கம். எழுதிய கையோடு அதைத் தடுப்பதும் வழக்கம். முகாமையாளர் பயிற்சியாளரின் காதில் ஒரு சொல் போட்டு வைப்பார், கடைசி ஆட்டங்களில் ஆள் ஆடாமல் ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருப்பார். எங்கள் பயிற்சியாளர் நல்ல மனிதர், என் பேச்சைக் கேட்கவில்லை. ஆரூரனின் வருடம் நீண்டுவிட்டது.

அதே நேரம் மார்வினோடும் பேசிக்கொண்டிருந்தேன். அவனும் முப்பதைத் தாண்டியவன்தான், ஆனால் கோல் அடிப்பவன். விளம்பரதாரர்கள் அவனுக்காகத்தான் வந்தார்கள். அவன் தாய் செய்த உருளைக்கிழங்குச் சாலட்டை இரண்டு தட்டு சாப்பிட்டு, இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு கிழவரையும் வைத்திருக்க எங்களால் முடியாது என்று கழகத் தலைவர் சொன்னார். சரியான பேச்சுத்தான். ஆனால் ஆரூரனைத் துரத்தினால் மைதானம் என்னைச் சும்மா விடாது. நம் ஆட்கள் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். யாருடைய பிழையும் இல்லாத ஒரு காரணம் எனக்குத் தேவைப்பட்டது.

பருவம் தொடங்குமுன் எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை நடக்கும். எங்கள் கழகத்து டொக்டர் டொறத்தி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஓர் ஆட்டக்காரரின் இதயத் தசை தடித்திருக்கிறது, படம் எடுத்துப் பார்க்கும்வரை அவர் ஓடவே கூடாது என்றார். அந்த ஆள் எங்கோ கடற்கரையில் இருக்கிறார், தொலைபேசியை எடுக்கவில்லை, நானும் நாளை மகளிடம் போகிறேன், நீங்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

அன்று பின்னேரமே தமிழ்க்கடையில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு ஆரூரன் வீட்டுக்குப் போனேன்.

நான் சொல்லி முடித்ததும் அவன் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். எனக்கு உண்மையாகவே மனம் கலங்கியது. மகள் கவிசா அவன் மடியில் இருந்தாள், அவளை மெல்ல இறக்கிவிட்டான். அவன் மனைவி கஜந்தி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு குழந்தை மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ரோல்ஸ் தட்டை அவள் தொடவே இல்லை.

“இவர் வீட்டிலதானே நிண்டவர். டொக்டர் ஏன் இவருக்கு ஃபோன் அடிக்கேல்லை, அண்ணை?”

டொக்டர் விடுமுறைக்குப் புறப்படும் அவசரம் என்றேன். ஈ.சி.ஜி.யைத் தாங்கோ, எங்கட டொக்டரிட்டக் காட்டுவம் என்றாள். நான் பொறுமையாக விளக்கினேன். இப்போது வேறு டொக்டரிடம் போனால் காப்புறுதிக்காரர் மூக்கை நுழைப்பார்கள், பிறகு என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. ஒப்பந்தத்தை நாமாகவே முடித்துக்கொண்டால் பிள்ளைகள் அணிக்குப் பயிற்சியாளராக அவனை வைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்தே சொல்லிக்கொடுக்கும் வேலை. அவள் இன்னும் ஏதோ கேட்க வந்தாள். ஆரூரன் அவள் கையைப் பிடித்தான்.

“விடும் கஜந்தி. அண்ணை எனக்கு ஏன் பொய் சொல்லப் போறார்?”

கையெழுத்துப் போட்டான். பிரியாவிடை நாளில் மைதானத்தை ஒருமுறை நடந்தே சுற்றிவந்தான். ஓடக் கூடாதல்லவா. நின்றவர்கள் எல்லாரும் அழுதார்கள், நானும் அழுதேன். ஒரு பொடியனின் உயிரைக் காப்பாற்றினீர்கள் என்று கோயிலில் முன்பின் தெரியாதவர்கள்கூட என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அதன் பிறகு அவன் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவானாம். மகளைத் தூக்க மாட்டானாம். இரவில் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டு படுத்திருப்பானாம். இதையெல்லாம் கேட்டு நான் வருந்தவில்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் ஓய்வு எல்லாருக்கும் கஷ்டம்தான்.

டொறத்தி திரும்பி வந்ததும் விசாரித்தார். எஸ்ஸன் நகரில் ஒரு நிபுணரிடம் காட்டியாயிற்று, பிழை ஒன்றுமில்லை என்றேன். அவரும் என்னை நம்புகிறவர்.

கஜந்திதான் நம்பவில்லை. அவளுக்குக் கோயிலில் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவாள், கண் என் மேலேயே இருக்கும். இலையுதிர் காலத்தில் எனக்குத் தெரியாமல் புருஷனை இதய டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். டொக்டரைப் பார்க்க டெர்மின், அதாவது நேரம், கிடைக்கவே மாதக்கணக்காகியதாம். ஒரு வியாழக்கிழமை என்னை அழைத்தாள். நான் எதிர்பார்த்ததுபோல அவள் கத்தவில்லை.

“இவரின்ர இதயத்தில ஒண்டுமில்லையாம். அப்ப டொக்டர் சொன்ன இதயம் ஆரின்ர, அண்ணை?”

ஏதோ தவறு நடந்திருக்கும், நல்ல செய்திதானே, சந்தோஷப்படு என்றேன்.

“நீங்கள் முழுக்கப் பொய் சொல்லியிருந்தா, எனக்குக் கோவம் மட்டுந்தான். டொக்டர் உண்மையாச் சொல்லியிருந்தா, ஆரோ ஒருத்தன் தெரியாமல் ஓடிக்கொண்டு நிக்கிறான். அவனிட்டச் சொல்லுங்கோ.”

சொல்வதாகத்தான் இருந்தேன். குளிர்கால இடைவேளைக்கு விடட்டும், ஆறுதலாகக் கூப்பிட்டுச் சொல்வோம் என்று வைத்திருந்தேன். பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தோம். சனிக்கிழமை முதலிடத்து அணியோடு ஆட்டம். டொக்டர்மார் ஒவ்வொரு வருடமும் எதையாவது காட்டிப் பயமுறுத்துவார்கள், பிறகு பார்த்தால் ஒன்றுமிராது.

அது மார்வினுடைய இதயம். இதை எழுதிக்கொள்ளுங்கள், நான் மறைக்கவில்லை. ஆரூரன் வெளியே ஒரு டொக்டரிடம் காட்டிவிட்டுத்தான் விலகினான் என்று டொறத்தியிடம் சொல்லியிருந்தேன். டொறத்தி சொன்ன செய்தியில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. சொல்ல வேண்டிய ஆளை மட்டும் மாற்றினேன்.

சனிக்கிழமை இரண்டாம் பாதியில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில், மார்வின் முகம் குப்புற விழுந்தான். முதலுதவிக்காரர்கள் மைதானத்தின் மறுபக்கத்தில் நின்றார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்து ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்து அவர்களுக்கு முன்னே ஓடிவந்தான். ஆரூரன். மார்வினைப் புரட்டிப் போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினான். அம்புலன்ஸ் வரும்வரை யாரையும் மாறவிடவில்லை. மார்வின் எழும்பவில்லை.

கஜந்தி கூட்டத்தைப் பார்க்கவில்லை. நான் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முறைப்பாடு கொடுக்க உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தது அவள்தான் என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கு வருத்தமில்லை. மார்வினின் தாயிடம் இதையெல்லாம் நானே போய்ச் சொல்லத் தயார். அந்த வீட்டில் நான் சாப்பிட்டவன், எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நான் ஆரூரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மாதம் ஓடாமல் இருந்தவன், அந்த வேலியைத் தாண்டி, அரை மைதானத்தை அப்படி ஓடி வந்தான். இவனுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன்.