கீழ்மதிலின் மூன்று திறப்புகள்

மனைகளைப் பார்வையிடக் கோடையில் செல்வதே எனக்கு உகந்தது, ஐயா. தரை காய்ந்திருக்கும், செருப்பில் சேறு ஒட்டாது. எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் பலருக்கும் அதுவே வழக்கம்.

பிள்ளைப்பாக்கத்தில் ஆலைப் பெண்களுக்கு விடுதி கட்ட வந்த விண்ணப்பத்துக்காகவும் ஒரு சித்திரையில்தான் சென்றேன். ஏரியின் உபரிநீர்க் கால்வாய் மனையின் குறுக்கே கிடந்தது. வெடித்த மண், இரண்டு ஆடுகள். ‘நீரோட்டம் காணப்படவில்லை’ என்று எழுதினேன். கண்டதைத்தான் எழுதினேன்.

பக்கத்து நிலத்துக்காரி மீனம்மாள் வழிமறித்தாள்.

“மழையில வந்து பாரு சார். தண்ணி போற வழி இது. இதுல பொண்ணுங்கள படுக்க வெச்சிட்டு நீ உன் வூட்டுல நிம்மதியா தூங்குவியா?”

சாலையின் அகலம், வடிகால், தீயணைப்பு வண்டி நுழையும் வழி ஆகியவை பரிசீலனைக்கு உரியவை. அண்டையாரின் மனத்தாங்கல் உரியதன்று. அவளுக்கும் மனையை விற்றவருக்கும் வரப்புத் தகராறு இருந்தது. ஆட்சேபணை தனிப்பட்ட பகையால் எழுந்தது எனக் குறித்துத் தள்ளுபடி செய்தேன்.

மனைக்குக் கிழக்கே, கால்வாய் சென்று சேரும் தாழ்வில், ஈசன் கோயில் இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் அங்கே பதிகம் ஓதுகிறேன். ஆண்டுதோறும் வெள்ளம் கருவறைக்குள் புகும். ஒருமுறை திருமேனியில் படிந்த ஆலைக்கழிவு நுரையை என் மேல்துண்டால் துடைத்தேன்.

விடுதியின் வரைபடத்தில், கீழ்மதிலின் அடியில் நீர் வெளியேற மூன்று திறப்புகள் இருந்தன. அவற்றை அடைத்து, மதிலையும் இரண்டடி உயர்த்த வேண்டும் என நிபந்தனை விதித்து ஒப்புதல் அளித்தேன். ஒப்பந்தக்காரர் ஜெபர்சன் சிரித்தார்.

“இன்னா சார், ஜெயிலாட்டம் கீது. பொண்ணுங்க எகிறிக் குதிச்சு ஓடிடும்னு பயமா?”

நானும் புன்னகைத்தேன்.

சென்ற கார்த்திகையில் ஏரி நிரம்பியது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தரைத்தளத்தில் காலை உறக்கத்தில் இருந்தனர். நான் கோயில் மண்டபத்தின் மேல்தளத்தில் நின்றிருந்தேன். மதிலுக்கு அப்பால் நீர் சன்னல் உயரத்துக்கு ஏறியது. இப்பால் கோயில் வாயிற்படி உலர்ந்திருந்தது. சன்னல் கம்பிகளுக்கிடையே கைகள் தெரிந்தன. கைபேசி என்னிடம் இருந்தது. பதிகத்தில் நான்கு பாடல்கள் எஞ்சியிருந்தன. இடையில் நிறுத்துவது முறையன்று.

இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறீர்கள். ஜெர்சி என்ற பெண்ணுக்கு வயது பத்தொன்பது என்கிறீர்கள். மறுக்கவில்லை. திறப்புகளை அடைக்கச் சொன்னவன் நானே. நீர் எங்கே தேங்கும் என்று அறிந்தே சொன்னேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின்மேல் முடிவெடுப்பவர் தம் சொந்த விருப்புக்கு இடமளிக்கலாகாது என்பது விதி. அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.