ஐம்பத்தொன்பது பெயர்கள்

ஓரம் கோணலாக ஒரு பக்கம்கூட என் கடையிலிருந்து வெளியே போனதில்லை சார். கல்லூரிக்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரில் ஓர் அறிவிப்பு: 'உங்கள் கோப்பு எங்கள் கண்மணி.' நானே யோசித்து எழுதியது. பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தன் கடையிலும் ஒட்டிக்கொண்டார். கேட்காமல் எடுத்தாரே என்று ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

அந்த ஆய்வு மாணவி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அறுபது வீடுகளுக்கு நடையாய் நடந்து, வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களைப் பேச வைத்து எழுதிய ஆய்வேடு அவளுடையது. அதில் பெயர்கள் கிடையாது. ஒன்று முதல் அறுபது வரை எண்கள்தான். எந்த எண் யார் என்ற பட்டியல் தனிக் கோப்பில், பூட்டிக் கிடந்தது. அவளுடைய லேப்டாப் மண்டையைப் போட்டபோது அதையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பாஸ்வேர்டைக் காதோடு சொன்னாள்.

"இது என் ஆய்வு இல்லண்ணா, அறுபது பேரோட உசுரு. பாத்துக்கங்க."

"கவலைய விடும்மா. என் பொண்டாட்டிகூட இந்தக் கம்ப்யூட்டரத் தொட முடியாது."

ஆய்வேட்டை நானேதான் அடித்தேன். நாற்பத்தொன்றாம் எண் சொன்னது நினைவிருக்கிறது: கையை முறித்துவிட்டு, படியில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னாராம் கணவர். பாவம், எந்த மகராசன் வீட்டுக்காரியோ என்று நினைத்தபடியே அடுத்த பக்கத்துக்குப் போனேன். படியில் விழும் பெண்கள் ஊரில் நிறைய.

பிறகு, அதே துறையில் ஆய்வு செய்துகொண்டிருந்த துறைத்தலைவரின் மருமகன் வந்தார். அவள் ஆய்வேட்டில் ஒரு பிரதி போதும் என்றார். துறையின் வேலை முழுவதும் என் கடைக்குத்தான் வரும். அது நின்றால் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான். கொடுத்தேன். அரிசி மூட்டையில் ஒரு படி அள்ளினால் மூட்டை இளைக்கும். இவள் கோப்போ ஓர் எழுத்துக் குறையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. குறையாத பொருளை எப்படித் திருட்டுப் பொருள் என்பது?

அவர் முந்திக்கொண்டு தன் பெயரில் சமர்ப்பித்தார். திருடி என்ற பட்டம் அவளுக்கு வந்தது. கடையில் கூட்டம் நிற்கும்போதே ஓடிவந்தாள்.

"உங்க கம்ப்யூட்டர்ல என் ஃபைலோட தேதி இருக்கும்ல, அத மட்டும் காட்டுங்கண்ணா. கால்ல விழறேன். என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

"வைரஸ் வந்து எல்லாம் போயிடுச்சும்மா. எனக்கு மட்டும் கஷ்டமில்லையா?"

வரிசையில் நின்ற ஒருவர், "அழுது முடிச்சா கொஞ்சம் தள்ளிக்கம்மா. எனக்கு ரெண்டே ரெண்டு ஜெராக்ஸ்தான்" என்றார். அவள் தள்ளி நின்றாள்.

விசாரணைக் குழு ஒரு வழி கண்டுபிடித்தது: அந்த அறுபது பேர் யாரென்று யார் சொல்கிறாரோ, ஆய்வு அவருடையது. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன், சொல்ல மாட்டேன் என்று அவள் மறுத்துவிட்டாள். மருமகன் பட்டியல் கேட்டு மறுபடி என்னிடம் வந்தார். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் கைமாற்றுவது வியாபாரமில்லை, திறந்து படித்தேன். நாற்பத்தொன்றில் என் தெரு, என் கதவு எண், என் மனைவி.

அந்த வரியை அழித்துவிட்டு ஐம்பத்தொன்பதைக் கொடுத்தேன்.

குழுவின் முன் என்னையும் சாட்சியாக உட்கார வைத்தார்கள். என் முகவரியை உரக்கப் படித்தபோது அந்த மாணவி சட்டென்று திரும்பினாள். அதுவரை நான் யார் கணவன் என்று அவளுக்குத் தெரியாது.

குழுவில் மூத்த அம்மா பட்டியலைப் புரட்டினார். "நாப்பத்தொண்ணு யாருப்பா?"

மருமகன் பட்டியலை வாங்கி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"சரி, நீ அந்த ஒரு பேரச் சொல்லும்மா. ஆய்வு உன்னுதுன்னு எழுதிடறேன்."

அவள் என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. ஐம்பத்தொன்பது பெரிதா, ஒன்றுமில்லாதது பெரிதா? அவளை வெளியே அனுப்பினார்கள்.

குழுவில் ஏழு பேர், ஏழு பிரதி. மாலைக்குள் பட்டியல் போனுக்குப் போன் தாவிவிட்டது. சிலரைத் தாய்வீட்டுக்குத் துரத்தினார்களாம். சிலர் அங்கேயும் போய்ச் சேரவில்லை. அது என் கையில் இல்லை சார்.

நான் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனேன். மனைவி மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டு விஷயத்தை வெளியாளிடம் ஏன் சொன்னாய் என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"யார்கிட்டயும் போகாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே" என்றாள்.

இந்தத் தடவை அவள் நிஜமாகவே படியில்தான் விழுந்தாள். மேல்படியிலிருந்து. நான் தள்ளியதால்.

ஆஸ்பத்திரியில் படி என்றேன்; எழுதிக்கொண்டார்கள். எல்லாம் அடங்கியிருக்கும். அந்த ஆய்வுப் பெண்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் நாற்பத்தொன்று யாரென்று சொல்லிவிட்டாள். செத்துப்போனவளுக்குக் கொடுத்த சத்தியம் என்றால் அவ்வளவு இளப்பமா?

எழுதிக்கொள்ளுங்கள் சார். வாக்கை மீறியவள் அவள். என் கடையிலிருந்து அந்த ஒரு பெயர் வெளியே போனதேயில்லை.