இன்னும் கொஞ்சம் கீழே

எடுத்த பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே திருப்பி வைக்க வேண்டும். எங்கள் விளையாட்டின் ஒழுக்கத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

நீங்கள் ஜியோகேச்சிங் ஆடியதில்லை என்றீர்கள். பரவாயில்லை. ஒருவர் காட்டிலோ பாலத்தடியிலோ ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியில் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, பெட்டியை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குரிய பக்கத்தில் 'கண்டேன்' என்று போடுவார்கள். உள்ளே பொம்மை கிம்மை இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். தின்பண்டம் வைக்கக் கூடாது. ஒருமுறை யாரோ பாதி சாசேஜை வைத்துவிட்டுப் போக, காட்டுப்பன்றிகள் வந்து அந்தச் சரிவையே உழுது போட்டுவிட்டன. தாளில் பெயர் இல்லையென்றால் கண்டதாகக் கணக்கில்லை. வயது வந்தவர்கள் செய்கிற வேலையா என்று நீங்கள் கேட்கலாம். என் முன்னாள் மனைவி கேட்டாள்.

எங்கள் ஹார்ஸ் மலைப் பக்கத்து ஆட்கள் மாதம் ஒருமுறை வீப்கேயின் மதுக்கடையில் கூடுவோம். வீப்கேயும் ஆடுகிறவள்தான், கயிறு கட்டி மரமேறுவதில் எங்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. பீர், வறுத்த கிழங்கு, அந்த மாதத்துக் கதைகள். எக்கார்ட் இருந்தால் கதைக்குப் பஞ்சமே இல்லை. அவர் செயற்கைப் பல் செய்பவர். ஒருமுறை நகரமன்றத்தின் முன்னால் இருந்த பெஞ்சுக்கடியில் பெட்டி தேடி அவர் நாலுகாலில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, உங்கள் போலீஸ் இலாகாக்காரர் ஒருவர் வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். எக்கார்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு பல்செட்டை எடுத்து, "இதோ, கெடைச்சிருச்சுங்க" என்றாராம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். அவரை எனக்குப் பிடிக்காது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அன்று நான் சிரித்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பழைய ஃபிலிம் சுருள் டப்பாக்கள் ஒரு பை நிறைய அவர் காரில் கிடக்கும். தேடிய பெட்டி கிடைக்கவில்லையென்றால் அப்படி ஒரு டப்பாவை அங்கே போட்டு, உள்ளே ஒரு துண்டுத் தாளை வைத்து, அதில் தன் பெயரை எழுதி, 'கண்டேன்' என்று பதிவார். ஒளித்தவருக்கு உதவி செய்ததாக வேறு எழுதுவார். எங்கள் விளையாட்டில் இதைவிடக் கேவலம் கிடையாது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வேடிக்கையான மனிதர் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை.

நான் ஒரு பெட்டி செய்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வேலைதான். செத்துப்போன ஊசியிலை மரத்தின் வேரைக் குடைந்து, அதற்குள் ஒரு குழாய் இறக்கி, குழாய்க்குள் பெட்டியை வைத்தேன். வேரில் இருக்கும் கணு ஒன்றின் துளையில் ஒரு புட்டித் தண்ணீர் ஊற்றினால் பெட்டி மிதந்து மேலே வந்து கைக்கு எட்டும். முதலில் வந்த வீப்கே அங்கிருந்தே போன் செய்து, "யப்பா கெர்னோட், நான் அழுதுட்டேம்ப்பா" என்றாள். என் வாழ்க்கையில் நான் செய்த எதற்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டாவதாக வந்தவர் எக்கார்ட். அவருக்குக் கிடைக்கவில்லை. வேருக்கடியில் ஒரு ஃபிலிம் டப்பாவைச் செருகிவிட்டுப் போனார். பிறகு வந்தவர்களெல்லாம் அந்த டப்பாவைத்தான் கண்டார்கள். 'சுலபமாகக் கிடைத்தது, நன்றி' என்று பதிந்தார்கள். என் வேரில் யாரும் மறுபடி தண்ணீர் ஊற்றவில்லை. நான் டப்பாவை எடுத்து எறிவேன். சில நாளில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். அவர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போவார்.

மதுக்கடையில் வைத்து நேரடியாகவே கேட்டேன்.

"யோவ் எக்கார்ட், அந்த டப்பாவ வச்சது நீதானே?"

"ஆமாய்யா. உன் பெட்டி காணாமப் போச்சு. வர்றவங்க வெறுங்கையோட போகக் கூடாதேன்னு ஒண்ணு வச்சேன். ஒரு பீர் வாங்கிக் குடு."

"காணாமப் போகல. வேருக்குள்ளதான் இருக்கு. தண்ணி ஊத்தணும்னு விவரத்துல எழுதியிருக்கேனே."

"விவரமா? அதெல்லாம் எவன்யா படிக்கறான்? நீ பக்கம் பக்கமா எழுதித் தள்ளுவே. நமக்கு அம்பு, துப்பு, கையெழுத்து. முடிஞ்சுதா, அடுத்தது."

"விடுப்பா கெர்னோட்," என்றாள் வீப்கே, மேசையைத் துடைத்துக்கொண்டே. "மனுஷன் பல்லு செய்யறவரு. உள்ளது இல்லேன்னா போலிய வச்சுத்தானே பழக்கம்."

கடையே சிரித்தது. எக்கார்ட்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தேன்.

துப்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி இருக்கும். தேடித் தேடிக் களைத்தவர்களுக்காக வைப்பது. முதலில் விவரத்தைப் படித்து, நன்றாகத் தேடிப் பார்த்து, அதற்குப் பிறகே துப்பைத் திறக்க வேண்டும் என்பது வழக்கம். எக்கார்ட் துப்பை மட்டுமே படிப்பார் என்று அவர் வாயாலேயே, சாட்சிகளுக்கு முன்னால் கேட்டுக்கொண்டேன். அதன் பிறகு நான் செய்தது, ஆடுகிறவர்களை மனதில் வைத்து ஒரு புதிய பெட்டியை வடிவமைத்தது. நல்ல ஒளிப்பவர் அப்படித்தான் யோசிப்பார்.

என் வீட்டுக்கு மேலே, மாமா எனக்கு விட்டுப்போன காட்டுத்துண்டில், பழைய சுரங்கத்தின் காற்றுக்குழி ஒன்று இருக்கிறது. கல் கட்டிய குழி. சுவரில் இரும்புப் படிகள். மேலே கம்பிக் கதவு. நான் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி ஒவ்வொரு படியாக மிதித்துப் பார்த்தேன். மேல்படிகள் தாங்கின. அவற்றுக்குக் கீழே இருந்தவை தாங்கவில்லை. ஒன்று என் காலடியிலேயே கழன்று போயிற்று. பெட்டியை அதற்கும் கீழே தொங்கவிட்டேன். ஒரு படியைக்கூட நான் அறுக்கவில்லை, தளர்த்தவில்லை. உங்கள் நிபுணர்கள் பார்த்திருப்பார்கள். கம்பிக் கதவின் பூட்டை எடுத்தது மட்டும் நான். விளையாட்டுக்குத் திறந்துவிட்ட இடத்தில் பூட்டுப் போடுவது முறையில்லை.

விவரத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்க வேண்டாம். தனியாக வர வேண்டாம். கீழ்ப்படிகள் துருப்பிடித்தவை. மழை பெய்தால் சரிவின் தண்ணீர் குழிக்குள் இறங்கி, மளமளவென்று ஏறும். கடினத்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டேன். பக்கங்களைச் சரிபார்க்கும் தன்னார்வலர் எனக்குத் தனியாக எழுதி, எச்சரிக்கை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு இதுவே முன்மாதிரி என்று பாராட்டினார். அந்தக் கடிதத்தை உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.

துப்பு என்று கீழே போட்டது: 'இன்னும் கொஞ்சம் கீழே.'

அது உண்மையான துப்பு. பெட்டி அங்கேதான் இருந்தது.

பெட்டியை ஒரு சனிக்கிழமை காலையில் வெளியிடும்படி கேட்டுக்கொண்டேன். அன்று வடக்கே ஆட்டக்காரர்களின் பெரிய கூட்டம். வீப்கே முதல் எல்லோரும் கயிறுகளோடு அங்கே போய்விட்டார்கள். எக்கார்ட் அந்த மாதிரிப் பெரிய கூட்டங்களுக்குப் போவதில்லை. "நீங்க அங்க பீர் குடிங்க, நான் இங்க முதல் ஆளா அள்ளிக்கறேன்" என்பார். புதிய பெட்டியை முதலில் காண்பது எங்களுக்குள் ஒரு பெருமை. அறிவிப்பு வந்தால் அவர் வாயிலிருக்கும் ரொட்டியை விழுங்காமலே கிளம்புவார். வானிலை அறிக்கையைப் பார்த்தேனா என்று நேற்று கேட்டீர்கள். பார்த்தேன். வெளியில் ஆடுகிறவர்கள் எல்லோரும் பார்ப்போம்.

முதல் அழைப்பு காலையிலேயே வந்தது. நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"யோவ், நான்தான் முதல் ஆளு, தெரியுமா? குழியில பாதி தூரத்துல நிக்கறேன். பெட்டி எங்கய்யா?"

"துப்பப் பாத்தியா?"

"இன்னும் கீழேன்னு போட்டிருக்க. எவ்வளவு கீழய்யா? பாதாளம் மாதிரி இருக்கு. படி ஆடுது."

"முதல் ஆளு கண்டுபிடிக்கற வரைக்கும் நான் வாயத் திறக்கறதில்ல எக்கார்ட். மத்தவங்களுக்கு நியாயமா இருக்காது."

"போய்யா, பெரிய நியாயஸ்தன்," என்று சிரித்துவிட்டு வைத்தார். அவர் நினைத்திருந்தால் அப்போதே மேலே ஏறியிருக்கலாம். பையில் ஃபிலிம் டப்பாவும் வைத்திருந்தார் என்று பிறகு உங்களிடமிருந்து தெரிந்துகொண்டேன். ஏன் அதைப் போட்டுவிட்டுப் போகவில்லை என்று யோசித்துப் பார்க்கிறேன். முதல் முறையாக ஒழுங்காகத் தேடினார் போலிருக்கிறது.

இரண்டாவது அழைப்பு நான் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தபோது வந்தது. குரல் மாறியிருந்தது.

"கெர்னோட், விழுந்துட்டேன். காலு போச்சு. எலும்பு வெளிய தெரியுது. திரை நொறுங்கிப்போச்சு, எதுவும் வேலை செய்யல. காதுல மாட்டியிருக்கறதோட பொத்தான அமுக்கினா கடைசியாக் கூப்பிட்ட நம்பருக்குத்தான் போகுது. உனக்கு மட்டும்தான் போகுது. ஆம்புலன்ஸ கூப்பிடு. நீயும் வா, உன் வீடு இங்கதானே இருக்கு."

ஜன்னலில் முதல் துளிகள் விழுந்துகொண்டிருந்தன. நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எங்களில் 'தொலைபேசித் துணை' என்று ஒன்று உண்டு. மாட்டிக்கொண்டவர் ஏற்கெனவே கண்டவரைக் கூப்பிட்டு உதவி கேட்கலாம். ஆனால் இந்தப் பெட்டியை இன்னும் யாரும் கண்டிருக்கவில்லை. ஒளித்தவன் போய் நின்றால் ஆட்டமே கெட்டுப்போகும்.

"பெட்டி கெடைச்சுதா?" என்று கேட்டேன்.

"தலைக்கு மேல தொங்குது. கை எட்டல," என்றார். "தண்ணி வருது கெர்னோட். வீட்ல சிக்ரூனுக்காவது சொல்லு."

"விவரத்துல எழுதியிருக்கேன்," என்றேன். கிழங்கு தீய்கிற வாசம் வந்ததால் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு வந்தவற்றில் இரண்டை எடுத்தேன். ஒன்றில் அவர் அழுதார். மற்றதில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. கைபேசியை, பாத்திரம் துடைக்கும் துணிகள் இருக்கும் இழுப்பறையில் வைத்து மூடினேன். உதவி கேட்டு ஒருவரை விடாமல் நச்சரிப்பது முறையில்லை. கிழங்கை வெங்காயத்தோடு சாப்பிட்டேன். மழை சாயங்காலம்வரை பெய்தது. அந்தக் குழியில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறும் என்று எனக்குத் தெரியும். வசந்தத்தில் குச்சி நட்டு அளந்திருக்கிறேன். விவரத்தை எழுத அது தேவையாக இருந்தது.

ஆம், காத்திருந்தேன். அந்தச் சொல்லைத்தானே வாங்கப் பார்க்கிறீர்கள். அவர் சாகும்வரை காத்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் வீடு திரும்பவில்லை என்று அவர் மனைவி சிக்ரூன் சொல்ல, மறுநாள் தீயணைப்பு வீரர்கள் அவரை மேலே கொண்டுவந்தார்கள். பெட்டியையும் கொண்டுவந்தார்கள். தண்ணீர் புகாத பெட்டி. தாள் உலர்ந்தே இருந்தது. தாள் வெற்றுத்தாள்.

இறுதிச் சடங்குக்கு நானும் போனேன். அவர் கைபேசியின் அழைப்புப் பட்டியல் அதற்குள் உங்கள் கைக்கு வந்திருக்கவில்லை. சிக்ரூன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் கடைசியாகத் தேடியது என் பெட்டியை என்பதில் தனக்கு ஒரு ஆறுதல் என்றார். ஒரு வாரம் கழித்து எக்கார்டின் கணக்கிலிருந்து என் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. சிக்ரூன்தான் போட்டிருந்தார். 'கண்டேன். முதல் ஆள். இது இவருடையதாகவே இருக்கட்டும், தயவுசெய்து.' கீழே எல்லோரும் மெழுகுவத்திப் படம் போட்டிருந்தார்கள்.

வீப்கே போன் செய்தாள். "தயவுசெஞ்சு அத அப்படியே விட்டுருப்பா. ஒரே ஒரு வரி. உனக்கு என்ன குறைஞ்சுடப் போவுது?"

எனக்கு எதுவும் குறையாது. ஆனால் தாளில் பெயர் இல்லை. இன்று எக்கார்டுக்காக ஒரு வரியை விட்டால் நாளைக்கு எல்லோருக்கும் விட வேண்டிவரும். பதிவை நீக்கினேன். நீக்கும்போது காரணம் எழுத ஓர் இடம் உண்டு. ஆழ்ந்த அனுதாபங்கள் என்று தொடங்கி, விதியை விளக்கி, அவர் நல்ல ஆட்டக்காரர் என்றும் எழுதி, மூன்று முறை திருத்தி அனுப்பினேன். மனதில் வன்மம் வைத்திருக்கிறவன் ஒரு விதவைக்கு அவ்வளவு பொறுமையாக எழுதமாட்டான்.