வெளுக்கக் கழுவிய பஞ்சு

— அது என்ன பெஹ்ஸாத், கையில? ஊறுகாய் ஜாடியா?

— அழுக்கு, அண்ணி.

— என்னது?

— என் வீட்டு மீன் தொட்டியோட அழுக்கு. ரொம்ப நாளாக் கழுவாத வடிகட்டிப் பஞ்சு, அது ஊறின தண்ணியோட. பார்த்துப் பிடிங்க, கொட்டிடப் போறீங்க.

— நவ்ரூஸ் புத்தாண்டு வருதுன்னு திரைச்சீலையிலேர்ந்து கூரை விளக்கு வரைக்கும் கழட்டிக் கழுவி வச்சிருக்கேன். இத்தனை வருஷம் கழிச்சு கொழுந்தன் வாசப்படி மிதிக்கிறான், கையில அழுக்கோட!

— நீங்க போன்ல சொன்னதுக்கு வேற எதைக் கொண்டுவர்றது? தொட்டி எங்கே?

— முதல்ல உட்காரு தம்பி. டீ கொதிக்குது.

— வேண்டாம்.

— பிஸ்தா மிட்டாயாவது ஒண்ணு.

— வேண்டாம் அண்ணி.

— என் தலைமேல ஆணை.

— மூணாவது தடவையும் மறுத்தாச்சு. மரியாதை முடிஞ்சுது. தொட்டி?

— ஜன்னலோரம். வந்து பாரு என் உசிரே, நேத்துக் கண்ணாடியா இருந்தது, இன்னிக்கு மோர் மாதிரி நிக்குது.

— எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. செவுளும் செவந்திருக்கு. என்ன பண்ணினீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க.

— கண்ணாடியைத் தேய்ச்சேன். கூழாங்கல்லை வெந்நீர்ல அலசினேன். பழைய தண்ணியை முழுக்க இறைச்சிட்டு குழாயைத் திறந்துவிட்டேன்.

— பஞ்சு?

— அதை ஏன் கேக்கறே! கறுப்பா, வழவழன்னு. பிளீச்சிங் தண்ணியில ஊறவச்சு, கசக்கி, வெயில்ல காயப்போட்டு மாட்டினேன். புதுப் பஞ்சு தோத்துப்போகும்.

— நல்லது. மீனைத் தவிர எல்லாம் சுத்தம்.

— குத்தாதே தம்பி. உங்க அண்ணன் நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றாரு. நெஞ்சைத் திறந்து தைச்சிருக்காங்க. வீட்டுக்குள்ள வந்தா அவர் முதல்ல வந்து நிக்கிற இடம் இதுதான். வந்து நிக்கிறப்ப இதெல்லாம் வயித்தைக் காட்டி மிதந்துச்சுன்னா? அதிர்ச்சியே ஆகாதுன்னு டாக்டர் ஆயிரம் தடவை சொல்லி அனுப்பறாரு.

— தொட்டிக்கு மேல குனிஞ்சு அழாதீங்க. இது உப்புத்தண்ணி மீன் இல்லை.

— இந்த நாக்கு மட்டும் மாறவே இல்லை.

— சோப்பு படாத வாளி ஒண்ணு குடுங்க. தண்ணியும் வேணும். குழாய்லேர்ந்து நேரா வர்றது ஆகாது.

— ஆறே வறண்டு, பாலம் எல்லாம் மணல்ல கால் நீட்டிக்கிட்டு நிக்குது. வேற தண்ணிக்கு நான் எங்கே போவேன்? சமையலறையில அண்டாவுல இருக்கறதுதான். எப்போ நிறுத்துவானோன்னு முந்தாநாளே பிடிச்சு, மேல மெல்லிசுத் துணி கட்டி வச்சேன்.

— அது போதும். அதுல இருந்த மருந்து நெடியெல்லாம் இதுக்குள்ள பறந்திருக்கும். இஸ்ஃபஹான்ல தண்ணி நிக்கிறதுல முதல் தடவையா ஒரு நல்லது.

— ஐயோ, ரப்பர் குழாயை வாயில வச்சா உறிஞ்சறே!

— உறிஞ்சினாத்தான் இறங்கும். பாதியை எடுத்துட்டு உங்க அண்டாத் தண்ணியை மெதுவா ஊத்தணும். அண்ணி, அந்தக் கறுப்பு வழவழப்புலதான் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊரே குடியிருந்தது. மீனோட கழிவைத் தின்னு செமிக்கிறது அதுங்க வேலை. நீங்க ஊரோட காலி பண்ணிட்டீங்க. இப்ப மீன் தன் விஷத்தையே மூச்சா இழுக்குது.

— அப்போ உன் ஜாடியில இருக்கறது?

— என் வீட்டுக் குடித்தனம். உங்க பஞ்சுக்குப் பக்கத்துல இதைச் செருகிட்டா மெதுவா வேலையைத் தொடங்கும். அதுவரைக்கும் தினமும் கொஞ்சம் தண்ணி மாத்துங்க. தீனி போடாதீங்க.

— அச்சோ, காலையிலேர்ந்து ரொட்டியைப் பிச்சுப் பிச்சுப் போட்டேனே! வாயைத் திறந்து திறந்து கேட்டுதே!

— மூச்சுக்குத் திறந்தது. மீனைக்கூட 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்'னு உபசரிக்கிற வீடு இது ஒண்ணுதான்.

— எங்க மாமியார் பழக்கிவிட்டது. அவங்க முற்றத்துக் குளத்தைக் கழுவறப்ப நான் பார்த்திருக்கேன். ஒரு பக்கத்துச் சுவரை மட்டும் தொடவே மாட்டாங்க. புது மருமக, வாயைத் திறக்க முடியுமா? வயசாச்சு, முடியலைன்னு நினைச்சுக்கிட்டேன்.

— அது மீனோட பங்கு. நானும் அண்ணனும் கால்சட்டையைச் சுருட்டிக்கிட்டு மத்த மூணு பக்கத்தையும் தேய்ப்போம். ஒருதடவை அண்ணன் வேகத்துல நாலாவது பக்கத்துலயும் கையை வச்சாரு. அம்மா தண்ணிக்குள்ள இறங்கியே காதைத் திருகினாங்க. அதுக்கப்புறம் செத்தாலும் பாசியைத் தொடமாட்டாரு.

— கோடையில தர்பூசணியை மிதக்க விடுவாங்களே.

— குளிரட்டும்னு. மீன் எல்லாம் சேர்ந்து அதை முட்டித் தள்ளும். அண்ணன் ஒரு பழத்துமேல பந்தயம் கட்டுவாரு, நான் ஒண்ணு. எந்தப் பழம் முதல்ல கரை சேருதுன்னு. ஜெயிச்சா பழத்தோட நடுத்துண்டு. அவர்தான் ஜெயிப்பாரு, துண்டு எனக்கு வந்துடும்.

— பதிமூணாம் நாள் தெருப் பிள்ளைங்க வரிசையில நிக்கும்.

— ஆமா. புத்தாண்டுக்குன்னு கிண்ணத்துல வச்ச மீனை, பண்டிகை முடிஞ்சதும் நம்ம குளத்துல விட. மறுநாளிலேர்ந்து, என் மீன் எப்படி இருக்குன்னு கதவைத் தட்டும். எது யாரோடதுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். எல்லாத்துக்கும் மேல சிமெண்டைக் கொட்டினாரு உங்க வீட்டுக்காரர்.

— கொட்டினாரு. உங்க அம்மா அந்தக் குளத்துப் பாசியிலதான் வழுக்கி விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டாங்க. நீ துறைமுகத்துல வேலையில இருந்தே.

— போன் இருந்ததே அங்கே. லீவுல வந்து கதவைத் திறக்கறேன், குளம் இருந்த இடத்துல கார் நிக்குது. மீன் எங்கேன்னு கேட்டேன். பதிலே இல்லை.

— பதிலுக்கு நீ எங்கே நின்னே? பையைக்கூட இறக்காம திரும்பிட்டே. அப்புறம் அவர் போன் பண்ணினா எடுக்கலை. அம்மா அடக்கத்துக்கு வந்தவன், கல்லறையோட நின்னுட்டுப் போனே. இன்னிக்கும் பார்த்தேனே, முற்றத்துச் சிமெண்டு மேல காலை வைக்காம சுவரோரமா வந்ததை.

— விளக்கைப் போடுங்க அண்ணி. மூலையில பெருசா ஒண்ணு படுத்துக் கிடக்கு.

— போட்டாச்சு. ஏன், போயிடுச்சா?

— இல்லை. இதுக்கு இடது கண் இல்லை.

— ஆமா.

— காக்கா கொத்தின கண். நான் மஞ்சள் தடவி விட்டேன். அண்ணி, இது ஒத்தைக்கண்ணன்.

— சிமெண்டு வர்றதுக்கு முந்தின நாள், பிரியாணி அண்டா, துணி ஊறவைக்கிற தொட்டின்னு கையில கிடைச்சதுல எல்லாம் வீட்டுக்குள்ள அள்ளிக்கிட்டு வந்தாரு உங்க அண்ணன் ஹூஷங். மத்ததெல்லாம் வயசாகி ஒண்ணொண்ணாப் போச்சு. குளத்து மீன்ல இது ஒண்ணுதான் மிச்சம்.

— எனக்கு ஒருத்தரும் சொல்லலையே.

— எடுக்காத போன்கிட்டயா சொல்றது?

— அந்த டீ இன்னும் இருக்கா?

— இருக்கு, என் உசிரே. இந்தா. இத்தனை நேரம் கொதிச்சது, கசக்கும்.

— கசக்கட்டும். இதோட வால் அசையுது பாருங்க.

— ஆமாமா! நடுவுக்கு வருது! மேல வாய் பிளந்தது எல்லாமும் கீழே இறங்குதே! நாளைக்கு வரைக்கும் தாங்குமா?

— சின்னதெல்லாம் தாங்கும். இதுக்கு வயசாச்சு, வாக்குக் குடுக்க மாட்டேன். ஆனா நல்லா மூச்சு விடுது. அந்தக் கிண்ணத்துல ஒண்ணு துள்ளுதே, அது யாரு?

— புத்தாண்டு விரிப்புல மங்கலமா வைக்கறதுக்கு வாங்கினது. தெருமுனையில வித்தாங்க. விரிப்பை எடுத்ததும் இதுலயே விட்டுடலாம்னு.

— கூடவே கூடாது. தெருத்தொட்டி மீன், நோய் இருந்தா எல்லாத்தையும் சாய்ச்சிடும். சில வாரம் தனியா ஒரு வாளியில வச்சு, புள்ளி கிள்ளி வருதான்னு பார்த்துட்டு அப்புறம் விடுங்க. நான் கிளம்பறேன்.

— நாளைக்கு அவர் வர்றப்ப நீயும் இருக்கலாமே.

— எந்த முகத்தோட? நான் வந்ததே அவருக்குத் தெரிய வேண்டாம். கடைக்காரன் வந்து பார்த்தான்னு சொல்லிடுங்க. பஞ்சைக் கழுவினதையும் சொல்லாதீங்க. தைச்ச நெஞ்சு, கோபம் தாங்காது.

— கோபமா? தம்பி, ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கிட்டுப் போறப்ப என் கையைப் பிடிச்சு, 'நான் வர்றதுக்குள்ள அந்தப் பஞ்சைப் பிளீச்சிங் தண்ணியில வெளுக்கக் கழுவிடு. மீன் திணறினா பெஹ்ஸாதைக் கூப்பிடு, வேற யாரையும் கூப்பிடாதே'ன்னு சொன்னதே அவர்தானே!