தாய்மாமன் சீரில் உட்கார்ந்து வந்த கேக்கு

நேராச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதனால கையளவுல ஒரு கதை சொல்றேன், கேளுங்க. ஒரு டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிரும். அந்தக் கடைசி வரிசை அண்ணா... போனை உள்ள வைங்க, இது உங்களுக்குத்தான்.

கோபிப் பக்கம் நவநீதன்னு ஒருத்தர். தறிப்பட்டறை வெச்சிருக்காரு. சம்சாரம் கோமதி. ஒரே பையன், பேரு தக்‌ஷித். அந்தப் பேரைத் தேடிப் புடிக்க மூணு மாசம் ஆச்சு. ஜோசியரைக் கேட்டாங்க, போனைக் கேட்டாங்க, பக்கத்து வீட்டை மட்டும் கேக்கல. அங்க சொன்னா அவங்க புள்ளைக்கு வெச்சிருவாங்களாம்!

பையனுக்குக் காது குத்துனப்ப தாய்மாமன் சீர் வந்துச்சு. கோமதியோட அண்ணன் வெளிநாட்டுல இருக்காரு. சபையே கழுத்தை நீட்டிப் பாக்குது, தங்கச் சங்கிலி வரும்னு. வந்தது என்ன தெரியுங்களா? கார்ல புள்ளைய உக்கார வெச்சு பெல்ட் போடுற பேபி சீட்டு.

நவநீதன் முகம் சுருங்கிப்போச்சு. "உங்கண்ணன் தங்கம் போடுவாருன்னு பாத்தா, நாக்காலி போட்டிருக்காரு!"

இந்தப் பெல்ட்டெல்லாம் எனக்குப் போடத் தெரியாதுன்னு கோமதியும் சொல்லிருச்சு. சீட்டு பரண்ல ஏறிருச்சு. ஏறுனது ஏறுனதுதான்... ஒரு வருசம்.

அடுத்து பையனோட ரெண்டாவது பொறந்தநாள். மண்டபத்துல விசேஷம். மாமன்காரர் வர்றாரு. கோமதிக்கு அப்பத்தான் பரண் ஞாபகம் வந்து, புருசன்கிட்ட கேக்குது.

"ஏனுங் மாமா, அண்ணன் சீட்டு எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"எறக்கி வண்டியில மாட்டு. வந்தவரு பாத்துட்டுப் போகட்டும்!"

பின்சீட்டுல மாட்டியாச்சு. பையனை உக்கார வெச்சாங்க. வீல்னு ஒரே கத்து.

"விடு விடு... புள்ள அழுவுது. இங்க இருக்குற மண்டபந்தானே? நான் மடியில வெச்சுக்கறேன்."

யாரு மடியில? வண்டி ஓட்டுறவரு மடியில! பையன் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டான். "எஞ்சிங்கம் ஓட்டுது பாரு!" கோமதி முன்னாடி உக்காந்து வீடியோ புடிக்குது. ஸ்டேட்டஸ் வெக்கணுமில்ல?

பெல்ட்டான்னு கேக்கறீங்களா? நவநீதனுக்கு பெல்ட்டு ஒண்ணு உண்டு. போலீஸ்காரரைப் பாத்தா குறுக்க இழுத்து கையில புடிச்சுக்குவாரு. தாண்டுனதும் விட்டுருவாரு.

வழியில பேக்கரி. மூணு கிலோ கேக்கு. கடைக்காரர் கார் வரைக்கும் வந்து சொல்றாரு: "அண்ணா, முப்பதைத் தாண்டாதீங்க. பள்ளம் மேடு பாத்துப் போங்க. கிரீம் சரிஞ்சிரும்."

இப்பக் கேக்கை எங்க வெக்கறது? மடியில வெச்சா நழுவிரும். கீழ வெச்சா கால் படும். பின்னாடி திரும்பிப் பாத்தா... சீட்டு காலியா இருக்கு! அளவெடுத்த மாதிரி உக்காந்துருச்சு. கோமதி அந்தப் பக்கம் ஒரு பட்டை, இந்தப் பக்கம் ஒரு பட்டை இழுத்து, டக்குனு பூட்டி, ஆட்டிப் பாத்து, பத்தலைன்னு இன்னொரு இழுப்பு இழுத்துச்சு. ஏனுங்க, நான் தெரியாமத்தான் கேக்கறேன்... அந்தப் பெல்ட்டு போடத் தெரியலைன்னு இத்தனை நாளும் சொன்னது யாரு?

வண்டி கெளம்புச்சு. தினமும் எம்பது, தொண்ணூறுல பறக்குற நவநீதன் அன்னிக்கு இருவத்தஞ்சு, முப்பது. பின்னாடி ஹாரன் அடிக்கிறவனைப் பாத்துக் கையை வெளிய நீட்டறாரு: "கொஞ்சம் பொறுப்பா! உள்ள கேக்கு இருக்குதப்பா!"

பள்ளிக்கூடத்து வளைவுல ஒரு மொபெட்டு. தவிட்டு மூட்டை மூணு ஏத்திக்கிட்டு குறுக்க வந்துருச்சு. நவநீதன் மிதிச்சாரு பிரேக்கை.

ஹாரன் அடிச்சுது.

நவநீதன் அடிக்கல. பையனோட வாய் போயி அடிச்சுது.

வண்டி நின்னுருச்சு. கோமதி சடார்னு திரும்புச்சு. எந்தப் பக்கம்? பின்பக்கம்! "மாமா... கேக்கு ஒண்ணும் ஆகலீங்..."

புள்ளைக்கு மூச்சடைச்சு, அழுகை இன்னும் வரல. நவநீதனோட வெள்ளைச் சட்டையில ரத்தம் இறங்குறதைப் பாத்த அப்புறந்தான் கத்துச்சு அந்தம்மா... மொபெட்டுக்காரன் மூட்டையைப் போட்டுட்டு ஓடி வந்தான்.

ஆஸ்பத்திரியில உதட்டுல மூணு தையல். முன்பல்லு ரெண்டு போச்சு. டாக்டரம்மா கையைத் தொடைச்சுக்கிட்டே கேட்டாங்க.

"என்ன வேகத்துல வந்தீங்க?"

"முப்பதுக்குள்ளதாங்க டாக்டர்."

"நல்ல வேளை. இதே எம்பதுன்னா நீங்க என்கிட்ட வந்து பிரயோஜனம் இருந்திருக்காது. எப்பவும் நிதானமாத்தான் ஓட்டுவீங்களா?"

கோமதி தேம்பிக்கிட்டே சொல்லுது: "இல்லீங்க டாக்டர்... எப்பவும் வேகந்தான்... இன்னிக்கு வண்டியில கேக்கு இருந்துச்சுங்க."

டாக்டரம்மா ரெண்டு பேரையும் பாத்தாங்க. மருந்துச் சீட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டு, அடுத்த ஆளைக் கூப்புட்டாங்க.

என்னங்க... சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் கம்முனு ஆயிட்டீங்க?

நமக்கு நிதானமா ஓட்டத் தெரியாதா? தெரியும். பெல்ட்டு போடத் தெரியாதா? நல்லாவே தெரியும். கேக்குக்குச் செய்யறோம், முட்டைத் தட்டுக்குச் செய்யறோம், புது டீவிக்கு மெத்தை விரிச்சுக் கூட்டிட்டு வர்றோம். பெத்த புள்ளைக்கு மட்டும் "அட, பக்கந்தானே!" நான் கெட்டியாப் புடிச்சுக்குவேன்னு சொல்ற அம்மாமாரே, நவநீதனும் ஒரு கையால புடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரு. ரெண்டு கையால புடிச்சிருந்தாலும் அந்த வேகத்துல நிக்காதுங்க.

சீட்டுல வெச்சா அழுவுதா? அழட்டும். கால் மணி நேரம் அழுதா உங்களுக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான். அழுவுற புள்ள வீடு வந்து சேரும். மொதல்ல அதைப் பூட்டுங்க... அப்புறம் சாவியப் போடுங்க.