பூஜ்யம் வந்தாத்தான் ரொட்டி

இல்ல டோர்பென், அந்தக் கம்ப்யூட்டர் லாக்ல பதிவாகியிருக்கறது பேருதான், கை இல்ல. காலையிலேர்ந்து இதத்தான் சொல்லிட்டிருக்கேன். அஸ்கெர் பேரு இருக்கு. ஒன்பது அம்பத்திரண்டுன்னு நேரம் இருக்கு. வந்த எச்சரிக்கைய, அதான் அந்த அலர்ட்ட, பாத்து மூடினதா இருக்கு. சரி. பட்டனத் தட்டின விரல் யாரோடதுன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

காப்பி ஆறிடும், எடுத்துக்கங்க. கோபன்ஹேகன் தலைமை ஆபீஸ்ல இத விட நல்லா போடுவீங்களா இருக்கும், ஆல்போர்க்ல இதுதான்.

ஒண்ணு கேக்கட்டுமா? இன்னிக்கு ரெண்டு மணிக்கு அஸ்கெர் வந்து ராஜினாமாவுல கையெழுத்துப் போடறான்னு பிரீபென் நேத்தே எங்களுக்குச் சொல்லிட்டாரு. டீம் லீடர் சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப இந்த விசாரணை எதுக்கு? முடிவு பண்ணிட்டுக் கேள்வி கேக்க வர்றவங்களப் பாத்தா எனக்கு நம்பிக்கை வர்றதில்ல. கோவிச்சுக்காதீங்க. பதினாறு வருஷமா, மத்த கம்பெனி கம்ப்யூட்டர்கள்ல யாராவது திருட்டுத்தனமா நுழையறாங்களான்னு சந்தேகப்படறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க. வீட்டுல என் புருஷன் லேட்டா வந்தாக்கூட ஏன்னு கேக்க மாட்டேன், எந்த வழியா வந்தீங்கன்னுதான் கேப்பேன்.

அந்த அலர்ட்டப் பத்திச் சொல்றேன், கேளுங்க. இதுல என்ன விசேஷம்னா, அது ஒண்ணும் நைஸா உள்ள வந்ததில்ல. கதவத் தட்டிட்டு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில எட்டு நாப்பதுக்கு, ஒரு ஊரு மொத்தத்துக்கும் குழாய்ல வெந்நீர் அனுப்பி வீடுகளச் சூடாக்கற ஹீட்டிங் கம்பெனியில, பம்ப் பாத்துக்கற டெக்னீஷியனோட லாகின்லேர்ந்து யாரோ உள்ள வந்து, எல்லாக் கதவையும் திறக்கற மாதிரி புதுசா ஒரு கணக்கு உண்டாக்கிட்டாங்க. அந்த டெக்னீஷியன் அப்ப எங்க? நார்வேல, பனிமலையில சறுக்கி விளையாடிட்டிருக்கான். வருஷத்தோட ஏழாம் வாரம், குளிர்கால லீவு இல்லையா, பாதி டென்மார்க் அங்கதானே இருக்கும். ஒரு போன், ஒரே ஒரு போன் அந்தக் கம்பெனிக்குப் போட்டிருந்தா, ஐயோ அவரு லீவுல இருக்காரேன்னு சொல்லியிருப்பாங்க. உடனே அந்த மிஷினத் தனியா கழட்டி வச்சிருக்கலாம். அதுக்குத்தானே நாங்க இருக்கோம்.

போடல. ‘வழக்கமான பராமரிப்பு’ன்னு ரெண்டு வார்த்தை எழுதி மூடியாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில, உள்ள நுழைஞ்சவங்க ஹீட்டிங்கையே நிறுத்திட்டாங்க; வெளிய மைனஸ் எட்டு. அந்த ஊரு மொத்தமும் வீட்டச் சூடாக்கற ரேடியேட்டரத் தொட்டுப் பாத்துட்டு ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிட்டிருந்தாங்க. பாதிப் பேரு ஸ்போர்ட்ஸ் ஹால்ல போர்வையப் போத்திட்டு உக்காந்தாங்க. தெரியும், உங்ககிட்ட எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கும்.

அந்த ரெண்டு வார்த்தையத்தான் பாக்கச் சொல்றேன். அஸ்கெர் எழுதினத முன்னாடி பாத்திருக்கீங்களா? ஒருத்தர் பாஸ்வேர்டத் தப்பா அடிச்சாக்கூட அவன் ஒன்பது வரி எழுதுவான். யாரு, எங்கேர்ந்து, போன்ல பேசினது யாரு, அவங்க குரல் எப்படி இருந்துச்சுன்னு. நாங்க கிண்டல் பண்ணுவோம், அஸ்கெர், சின்னதா மூடு, இது கல்யாண விருந்துல எழுந்து நின்னு பேசற பேச்சு இல்லடான்னு. அப்படிப்பட்டவன் ரெண்டு வார்த்தையில முடிச்சிருப்பானா? நீங்க ஒத்துக்க மாட்டீங்க. அவசரத்துல மனுஷன் மாறிடுவான்னு சொல்வீங்க.

அவனும் அதையேதான் சொல்றான். அதுதான் எனக்கு... ஆமா, போன சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதுல தப்பு ஒண்ணும் இல்லையே? சாட்சிகள் ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாதுன்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. சமையல்கட்டுல உக்காந்து, எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா நான்தான் மூடியிருக்கணும், என் பேரு இருக்கேங்கறான். அவன் பொண்டாட்டி பாத்திரம் கழுவிட்டிருந்தா. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினா.

பிரீபென்னா? வருவேன், அவருகிட்டயும் வருவேன். வெள்ளிக்கிழமை விஷயம் உங்ககிட்ட யாரும் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க, வெக்கமா இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில டீம்ல ஒருத்தர் முறை வச்சு ரொட்டி வாங்கிட்டு வரணும். அது எல்லா ஆபீஸ்லயும் உண்டு. இங்க மட்டும் பிரீபென் ஒரு சட்டம் போட்டாரு. பெரிய ஸ்க்ரீன்ல அலர்ட் வரிசை பூஜ்யம் ஆகற வரைக்கும் யாரும் ரொட்டியில கை வைக்கக்கூடாது. பூஜ்யம் வந்தாத்தான் ரொட்டி. வேடிக்கையாத்தான் ஆரம்பிச்சாரு. அவரே கத்தியக் கையில வச்சிட்டு நிப்பாரு, பசிக்கறவங்கல்லாம் வேகமா பாருங்கப்பா, வெண்ணெய் உருகுதும்பாரு. நாலு வருஷமாச்சு. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல எங்க லாக்கப் பாருங்க, மத்த நாள விட மூணு பங்கு வேகமா மூடியிருப்போம். எல்லாத்துக்கும் ரெண்டு வார்த்தைதான். அஸ்கெர் ஒருத்தன்தான் அப்பவும் ஒன்பது வரி எழுதுவான். எல்லாரும் மேஜையச் சுத்தி நின்னுட்டு அவனத் திட்டுவாங்க.

அதனால பிரீபெனக் கேளுங்க. சட்டம் போட்டவரு அவரு, பூஜ்யம் வேணும்னவரு அவரு. தலைமை ஆபீசுக்கு மாசாமாசம், எங்க வரிசை எப்பவும் காலியா இருக்குன்னு படம் போட்டு அனுப்பறவரும் அவருதான். இப்ப அஸ்கெர் கையெழுத்துப் போட்டுட்டா யாருக்கு நல்லது? யோசிச்சுப் பாருங்க.

என்னது, கேமராவா? ஒன்பதே முக்கால்லேர்ந்து பத்தேகால் வரைக்கும் உங்க ஆளுங்களோட வீடியோ மீட்டிங்கில இருந்தாரா? நீங்களே அதுல இருந்தீங்களா? ம். சரி. அப்ப அவரு இல்ல. நான் அவருதான்னு சொல்லலையே. கேளுங்கன்னுதான் சொன்னேன்.

யாருன்னு கேட்டா எப்படி? யாரு இல்லங்கறத முதல்ல பாக்கணும், எங்க வேலையில அதுதான் வழி. அஸ்கெர் இல்ல. அவன் போன வாங்கிப் பாருங்க. அன்னிக்கு அவன் பொண்ணு படிக்கற கிண்டர்கார்டன்லேர்ந்து கூப்பிட்டாங்க, குழந்தைக்கு நாப்பது டிகிரி காய்ச்சல்னு. சீட்ட விட்டு எழுந்து ஓடினான். ஸ்க்ரீனப் பூட்டல, அது தப்புதான், அதுக்கு வேணா ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுங்க. ஒன்பது அம்பதுலேர்ந்து ஆறேழு நிமிஷம் போன்ல இருந்தான். திரும்பி வந்தவன் ஸ்க்ரீனக்கூடப் பாக்கல, கோட்ட எடுத்துட்டுக் கிளம்பிட்டான். அந்தப் பதட்டத்துல எது முன்னாடி எது பின்னாடின்னு அவனுக்கே தெரியல. அதனாலதான், நானாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுத் திரியறான். லாக்குல இருக்கற நேரத்தையும் போன்ல இருக்கற நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தராவது பாத்தீங்களா? ஒன்பது அம்பத்திரண்டுக்கு அவன் வெளிய, சைக்கிள் நிறுத்தற ஷெட்டுக்குப் பக்கத்துல படிக்கட்டுல நின்னுட்டு இருந்தான். ஒரு கையில போனு, இன்னொரு கையால நெத்தியத் தேய்ச்சிட்டு.

ஆமா, பாத்தேன். நானேதான் பாத்தேன்.

ஜன்னல் வழியாத்தான்.

...நீங்க காலையில எங்க ரூமச் சுத்திப் பாத்தீங்க, இல்ல? ஒவ்வொரு சீட்டுலயும் உக்காந்து பாத்தீங்க. என்னடா இந்த ஆளு நாற்காலி வாங்க வந்திருக்காரான்னு நினைச்சேன். சரிதான். அந்தப் படிக்கட்டு என் சீட்டுலேர்ந்து தெரியாது. ரொட்டி வைக்கற மேஜையிலேர்ந்தும் தெரியாது. அஸ்கெரோட நாற்காலியில உக்காந்தா மட்டும்தான் தெரியும்.

இருங்க, நானே சொல்றேன். கேள்வியாக் கேட்டீங்கன்னா நான் அதுக்கும் ஏதாவது பதில் வச்சிருப்பேன்.

அன்னிக்கு ரொட்டி என் முறை. கசகசா தூவினது, அடுப்புலேர்ந்து எடுத்ததும் வாங்கிப் பையில சுத்திக் கொண்டு வந்தேன். பெரிய ஸ்க்ரீன்ல ஒண்ணுன்னு நிக்குது. ஒண்ணே ஒண்ணு. அது அஸ்கெர்கிட்ட இருக்கு, அவன் எழுந்து ஓடிட்டான். எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. லிஸ்பெத், ஆறிடும்போல இருக்கேங்கறாங்க. கத்தியக் கீழ வச்சிட்டுப் போயி அவன் நாற்காலியில உக்காந்தேன். அவன் அதுக்குள்ள மூணு வரி எழுதி வச்சிருந்தான், லீவுல இருக்காரான்னு கேக்கணும்னு கடைசி வரி. அத நான் படிச்சேன். படிச்சிட்டுத்தான் அழிச்சேன். தினமும் இந்த மாதிரி நூறு வருது, ஒண்ணும் இருக்காது, அப்புறம் கேட்டுக்கலாம்னு நினைச்சேன். ரெண்டு வார்த்தை எழுதினேன். தலையத் தூக்கினா வெளிய படிக்கட்டுல அவன் நிக்கறான். பட்டனத் தட்டினேன். பின்னாடி எல்லாரும் கை தட்டினாங்க.

நீங்க வந்ததுலேர்ந்து காரணம் கேட்டுட்டே இருக்கீங்க. பணம் வாங்கினாங்களா, வெளியாள் யாராவது மிரட்டினாங்களா, கம்பெனி மேல கோபமான்னு. பதினெட்டு நாளா நானும் எனக்கு ஒரு காரணம் தேடிப் பாத்தேன். பெருசா ஏதாவது இருந்தா சொல்றதுக்கு நல்லா இருக்கும்.

ரொட்டி சூடா இருந்துச்சு, டோர்பென். அவ்வளவுதான்.