மெயினை நிப்பாட்டின பிறகும்

இல்லைத் தம்பி, மெயின் சுவிச்சை நான்தான் என்ர கையால நிப்பாட்டினனான். அறைப் பிளக்கில மீற்றர் ஒண்டும் காட்டேல்ல எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். குசினியில மட்டும் இருநூற்றிச் சொச்சம் வோல்ற்றோ? பேய் பிசாசா இருக்குமோ? சரி, பகிடிக்குச் சொன்னனான். அந்தக் கதிரையில இருங்கோ.

ஐயோ, அந்த வயரை இழுக்காதேங்கோ. அது வேலிக்குள்ளால விமலேஸ்வரி வீட்டை போகுது. என்ர சொந்த அக்காதான், ஆனா கதை பேச்சில்லை. சண்டையால இடம்பெயர்ந்துபோய் நாங்கள் திரும்ப உடையார்கட்டுக்கு வந்த நேரம் எங்களுக்குக் கரண்ட் இல்லை. அவாதான் தன்ர வீட்டிலயிருந்து வயர் இழுத்துக் குசினிக்குத் தந்தவா. பிறகு எங்களுக்கும் லைன் வந்திட்டுது, குசினியை மட்டும் மாத்தேல்ல. ஏனெண்டு என்னைக் கேட்டா? அவாவும்தான் கழட்டேல்ல.

என்ர கோழி அவான்ர கீரையைக் கிண்டினதில தொடங்கினது. வாய் எண்டா அவான்ர வாய்தான். நானும் சும்மா நிக்கேல்ல எண்டு வையுங்கோ. வேலியில நாங்கள் பூந்து போய்வாற பொட்டு ஒண்டு இருந்தது. நான் இந்தப் பக்கத்தால முள்ளு வைச்சு அடைச்சன், அவா அந்தப் பக்கத்தால தகரம் அடிச்சா. வயர் மட்டும் போகுது, அதைப் பற்றி ரெண்டு பேரும் மூச்சு விடுறேல்ல. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஒரே வான்தான், அவா முன்சீற்றில, நான் பின்சீற்றில.

ஓம் தம்பி, ஆபத்துத்தான், விளங்குது. வெட்டோணுமெண்டா வெட்டுங்கோ, ஆனா இப்ப வேண்டாம். கரண்டில பிழையெண்டு கூப்பிட்டனான் ஒழிய என்ன பிழையெண்டு சொல்லேல்ல என்ன? ஓம், மீற்றர் சரியாத்தான் காட்டும். அதுதான் பிழை. அவா விடிய எழும்பித் தோட்டத்துக்கு மோட்டர் போட்டா இஞ்ச குசினி லைற் மங்கும். ஒவ்வொரு நாளும் மங்கும், நானும் அவாவைப் பேசிப் பேசித்தான் தேத்தண்ணி வைக்கிறனான். நேற்று மங்கேல்ல. இண்டைக்கும் மங்கேல்ல. அவா தனிய இருக்கிறவா.

வயர் பாக்க வந்தனான் எண்டு சொல்லி ஒருக்கா உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. நான் அனுப்பினனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. கதவு திறக்காட்டி அங்க நிண்டே சத்தம் போடுங்கோ தம்பி, நான் இந்த வேலியடியிலதான் நிப்பன்.